கோரேஸ் மன்னனும் நாத்தான் தீர்க்கதரிசியும்

2016 ஜூலை 20 இரவு. கிளீவ்லாந்து நகரின் உள்ளரங்கில் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு மூன்றாம் நாளில் இருந்தது. டெக்சஸ் செனட்டர் டெட் குரூஸ் மேடையேறினார். உட்கட்சித் தேர்தலில் டொனால்ட் டிரம்புக்கு அடுத்தபடியாக அதிகப் பிரதிநிதிகளை வென்றவர் அவர், போதகரின் மகன், தன் பிரசாரத்தையே லிபர்ட்டி பல்கலைக்கழகம் என்னும் கிறிஸ்தவக் கல்விக்கூடத்தில் தொடங்கியவர். மதச் சுதந்திரம், அரசியல் சாசனம், எல்லைப் பாதுகாப்பு என்று அவர் பேசப் பேச அரங்கம் கைதட்டியது. கடைசியில் டிரம்புக்கு வாக்குக் கேட்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கேட்கவில்லை. நவம்பரில் அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்று மட்டும் சொன்னார். நியூயார்க் பிரதிநிதிகள் அமர்ந்திருந்த பக்கத்திலிருந்து கிளம்பிய கூச்சல் அரங்கம் முழுக்கப் பரவி, அவர் இறங்கிப்போகும்வரை ஓயவில்லை.

அதற்கு ஆறு நாள் முன்னால் கட்சியின் விதிகள் குழுவில் வேறொரு முயற்சி தோற்றிருந்தது. தங்கள் மாநில முடிவு எதுவாக இருந்தாலும், மனம் ஒப்பாத பிரதிநிதிகள் விரும்பியவருக்கு வாக்களிக்கலாம் என்ற விதியைச் சிலர் கொண்டுவந்தார்கள். மனச்சாட்சி விதி என்றே அதற்குப் பெயர். ஜூலை 14 அன்று குழு அதைத் தள்ளுபடி செய்தது. மாநாடு தொடங்கிய நாளில், பெயர் அழைத்து வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று கேட்டவர்களின் குரல் மேடையின் ஒலிபெருக்கியில் அமுங்கிப்போனது.

விதிகள் ஒரு பக்கம் இருக்கட்டும். தனிமனித ஒழுக்கத்தைப் பல பத்தாண்டுகளாகத் தன் கொடியில் எழுதி வைத்திருந்த கட்சி, மனச்சாட்சி என்ற சொல்லையே எதிராளியின் ஆயுதமாகக் கேட்கத் தொடங்கியது ஏன்? இதன் அடியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நல்லது நடக்க வேண்டும் என்பதற்காக, ஒழுக்கம் கெட்டவர் என்று தாமே கருதும் ஒருவரிடம் ஆட்சியைக் கொடுக்கலாமா என்பது ஒன்று. கொடுத்தபின் அந்த ஒழுக்கக்கேட்டைப் பற்றிக் கொடுத்தவர் என்ன பேச வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்று சொன்னவர்களில் நேர்மையானவர்கள் ஏராளம். ஆனால் கட்சியையும் சபையையும் உள்ளுக்குள் பிளந்தது இரண்டாவது கேள்விதான். அதைப் பற்றிய பேச்சுதான் குறைவு.

இந்தக் கேள்வி அமெரிக்கப் பழமைவாதிகளிடம் ஆன்மிகக் கேள்வியாக எழுந்ததற்கு வரலாறு உண்டு. 1979இல் ஜெர்ரி ஃபால்வெல் என்ற போதகர் 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பைத் தொடங்கியபோது, வெள்ளையின எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் குடியரசுக் கட்சியின் முதுகெலும்பாக மாறினார்கள். கருக்கலைப்பு, பள்ளிகளில் ஜெபம், குடும்பம் ஆகியவை அவர்களுடைய அரசியலாயின. அப்போதே ஒரு விரிசல் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1980இல் அவர்கள் தோற்கடித்த ஜிம்மி கார்ட்டர் ஞாயிறு வேதபாடம் நடத்தும் பாப்டிஸ்ட்; தேர்ந்தெடுத்த ரொனால்ட் ரேகன் மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்த நடிகர். ஆனாலும் ரேகனுக்காக ஒழுக்கத்தின் அளவுகோலை யாரும் மாற்றி எழுதவில்லை.

1998இல் அந்த அளவுகோல் எழுத்திலேயே வந்தது. மோனிகா லூவின்ஸ்கி விவகாரத்தில் அதிபர் பில் கிளின்டன் சிக்கியிருந்த நேரம். அவரே ஒரு பாப்டிஸ்ட். அந்த ஜூன் மாதம் சால்ட் லேக் சிட்டியில் கூடிய சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் என்ற சபைக் கூட்டமைப்பு, பொதுப் பதவியில் இருப்போரின் ஒழுக்கம் குறித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. தலைவர்களின் பெருங்குற்றங்களைச் சமூகம் பொறுத்துக்கொண்டால் அதன் மனச்சாட்சி மரத்துப்போகும், தேவனுடைய நியாயத்தீர்ப்பு வரும் என்று அது எச்சரித்தது. குறையில்லாத மனிதர் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே, நேர்மையும் தூய்மையும் உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்க விசுவாசிகளைக் கேட்டுக்கொண்டது. தெளிவான தீர்மானம். அதில் கட்சிப் பெயர் எதுவும் இல்லை.

பிறகு நடந்ததைப் பிஆர்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனத்தின் இரண்டு எண்கள் சொல்கின்றன. தனிவாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொதுப்பதவியில் நெறியோடு நடக்க முடியுமா என்ற கேள்விக்கு, 2011இல் வெள்ளையின எவாஞ்சலிக்கல்களில் 30 சதவீதம் பேரே முடியும் என்றார்கள். அமெரிக்க மதப்பிரிவுகளில் இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர்கள் அவர்கள்தான். 2016 அக்டோபரில் அதே கேள்விக்கு 72 சதவீதம் பேர் முடியும் என்றார்கள். மற்ற எந்தப் பிரிவையும்விட அதிகம். அந்த ஐந்து ஆண்டுகளில் வேதாகமத்தில் ஒரு வசனமும் மாறவில்லை. பாவத்தைப் பற்றிய போதனை எதையும் எந்தச் சபையும் திருத்தவில்லை. வேட்பாளர் மாறியிருந்தார், அவ்வளவுதான்.

அந்த வேட்பாளர் 2015 ஜூலையில் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் நடந்த கிறிஸ்தவக் குடும்பங்களின் கூட்டமொன்றில் பேசினார். எப்போதாவது தேவனிடம் மன்னிப்புக் கேட்டதுண்டா என்று கேட்டார்கள். கேட்டதாகத் தோன்றவில்லை, இனிமேல் சரியாகச் செய்யப் பார்ப்பேன் என்பதுபோல் பதில் சொன்னார். எவாஞ்சலிக்கல் நம்பிக்கையில் மனந்திரும்புதல்தான் வாசல். பாவி எவரும் உள்ளே வரலாம், ஆனால் அந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும். அதனால் அன்று அந்தப் பதில் அவரை முடித்துவிடும் என்று பலர் நினைத்தது இயல்பு. முடிக்கவில்லை.

ஏனென்றால் அவர் பேசியது வேறொரு காயத்தை நோக்கி. மூடிப்போன ஆலைகள், எல்லை தாண்டி வருவோர், ஈராக் போரில் வீணான உயிர்கள், தங்களை மதிக்காத மேட்டுக்குடி என்று அவர் பட்டியலிட்டபோது, கட்சித் தலைமை இத்தனை ஆண்டும் காதில் வாங்காத மக்கள் அதைக் கேட்டார்கள். சுதந்திர வணிகம், அளவான அரசு, வெளிநாட்டில் வலுவான ராணுவம் என்ற பழைய முக்காலி ஆட்டம் கண்டது. 1955இல் வில்லியம் பக்லி தொடங்கிய 'நேஷனல் ரிவ்யூ' இதழ், 2016 ஜனவரியில் டிரம்புக்கு எதிராகத் தனி இதழே வெளியிட்டது. இருபதுக்கும் மேற்பட்ட பழமைவாத எழுத்தாளர்கள் அதில் எழுதினார்கள். அதே மாதம் ஃபால்வெலின் மகனும் லிபர்ட்டி பல்கலைக்கழகத்தின் தலைவருமான ஜெர்ரி ஃபால்வெல் ஜூனியர் டிரம்பை ஆதரித்தார். அறிஞர்கள் ஒரு பக்கமும் கூட்டம் மறுபக்கமும் நிற்பது அப்போதே தெரிந்துவிட்டது.

டிரம்புக்கு வாக்களித்த விசுவாசிகளின் வாதத்தை எள்ளி நகையாடுவது எளிது, அது அநீதி. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா காலமானார். அவரிடத்தில் அமரப்போகிறவர் யார் என்பது தேர்தலின் முடிவைப் பொறுத்தது. மே மாதம் டிரம்ப் தாம் நியமிக்கக்கூடிய பதினொரு நீதிபதிகளின் பட்டியலை வெளியிட்டார். கருவில் இருப்பது முழு மனித உயிர் என்று மனதார நம்பும் ஒருவரின் இடத்தில் நின்று இதைப் பார்க்க வேண்டும். 1973இன் ரோ எதிர் வேட் தீர்ப்புக்குப் பிறகு சட்டத்தின் அனுமதியோடு லட்சக்கணக்கான கொலைகள் நடக்கின்றன என்பது அவருடைய கணக்கு. அதை நிறுத்தும் வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, வேட்பாளரின் மூன்று திருமணங்களைக் காரணம் காட்டி ஒதுங்கிக்கொள்வது தன் கைத்தூய்மையைப் பேணும் சுயநலமாக அவருக்குத் தோன்றாதா? பெரும் இறையியல் பாடநூல் எழுதிய வேய்ன் குரூடம் 2016 ஜூலையில் ஏறக்குறைய இதையே எழுதினார். குறையுள்ள வேட்பாளர் என்று சொல்லியே, அவருக்கு வாக்களிப்பது ஒழுக்கப்படி நல்ல தேர்வு என்று தலைப்பிட்டார்.

இன்னும் காரமான வாதம் செப்டம்பரில் வந்தது. மைக்கேல் ஆன்டன் என்ற பழமைவாத எழுத்தாளர் ஒரு ரோமானிய வீரனின் பெயரில் எழுதிய கட்டுரை, அந்தத் தேர்தலை 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானத்தோடு ஒப்பிட்டது. விமானி அறைக்குள் பாய்ந்தால் சாகலாம், பாயாவிட்டால் சாவது உறுதி. நெருக்கடியின் பெயரால் நிதானம் இப்படித்தான் விடைபெறுகிறது. பழக்கத்தையும் படிப்படியான மாற்றத்தையும் போற்றிய பழமைவாதச் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க்கின் வாரிசுகள் தங்களுடைய அடிப்படைக் குணத்தையே கைவிட்ட இடம் இதுதான். எல்லாம் முடியப்போகிறது என்று நம்புகிறவரால் எதையும் பாதுகாக்க முடியாது.

அக்டோபர் 7 அன்று வாஷிங்டன் போஸ்ட் ஒரு பழைய ஒலிப்பதிவை வெளியிட்டது. 2005இல் பெண்களை அனுமதியின்றித் தொடுவது பற்றி டிரம்ப் பெருமையாகப் பேசியது அதில் இருந்தது. அன்றிரவே அவர் தவறு என்று மன்னிப்புக் கேட்டார். ஆண்கள் உடைமாற்றும் அறையில் பேசும் பேச்சு என்றும் சொன்னார். இரண்டு நாளில் குரூடம் தம் கட்டுரையைத் திரும்பப் பெற்று, வேட்பாளர் விலக வேண்டும் என்றார். அதே மாதம் 19ஆம் தேதி, கொள்கைகளைக் கருதி அவருக்கே வாக்களிப்பேன் என்று திரும்பவும் எழுதினார். ஒரு மனிதர் வெளிச்சத்தில் நின்று தம் மனச்சாட்சியோடு மல்லுக்கட்டிய இரண்டு வாரங்கள் அவை. அவரை ஏளனம் செய்யத் தோன்றவில்லை. மல்லுக்கட்டாமலே கடந்துபோனவர்கள்தான் அதிகம்.

யூட்டா மாநிலத்தில் என்ன நடந்தது என்பது தனியாகப் பேச வேண்டியது. மார்மன் திருச்சபையினர் நிறைந்த மாநிலம். குடியரசுக் கட்சியின் கோட்டை. 2012இல் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற மார்மனான மிட் ராம்னிக்கு அங்கே கிட்டத்தட்ட 73 சதவீத வாக்குகள் கிடைத்தன. ஒலிப்பதிவு வெளியான மறுநாள், திருச்சபைக்குச் சொந்தமான 'டெசரெட் நியூஸ்' நாளிதழ் டிரம்ப் விலக வேண்டும் என்று தலையங்கம் எழுதியது. வேட்பாளர்கள் பற்றி வாய்திறக்காமல் இருப்பதைப் பல பத்தாண்டுகளாக வழக்கமாக வைத்திருந்த இதழ் அது. ஆளுநர் கேரி ஹெர்பர்ட் ஆதரவைத் திரும்பப் பெற்றார். எவன் மக்மல்லின் என்ற அதிகம் அறியப்படாத சுயேச்சைக்கு அங்கே 21 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. டிரம்ப் சுமார் 45 சதவீதத்தோடு அந்த மாநிலத்தை வென்றார். வெற்றிதான், ஆனால் நான்கு ஆண்டுக்கு முன் கட்சிக்கு வாக்களித்தவர்களில் கணிசமான பகுதி வேறு எங்கோ போயிருந்தது. தாங்களே ஒரு காலத்தில் விரட்டப்பட்ட சிறுபான்மை என்ற நினைவு மார்மன்களிடம் இன்னும் இருக்கிறது. முஸ்லிம்கள் நாட்டுக்குள் வரத் தடை என்ற டிரம்பின் பேச்சு அவர்கள் காதில் வேறு விதமாகவே விழுந்தது.

நாடு முழுக்க வேறு கதை. வெள்ளையின எவாஞ்சலிக்கல்களில் 81 சதவீதம் பேர் டிரம்புக்கு வாக்களித்ததாக வாக்குச்சாவடிக் கணிப்பு சொன்னது. அதற்கான இறையியலும் தயாராக இருந்தது. ஏசாயாவின் 45ஆம் அதிகாரத்தில் பாரசீக மன்னன் கோரேஸ் வருகிறான். இஸ்ரவேலின் தேவனை அறியாதவன். ஆனாலும் தேவன் அவனை அபிஷேகம் செய்து, பாபிலோனில் சிறைப்பட்ட யூதர்களை விடுவிக்கப் பயன்படுத்துகிறார். லான்ஸ் வால்நாவ் என்ற போதகர், டிரம்ப் இக்காலத்துக் கோரேஸ் என்று பரப்பினார். அமெரிக்காவின் 45ஆவது அதிபர் என்ற எண்ணும் துணைக்கு வந்தது. இன்னும் சிலர் தாவீதைக் காட்டினார்கள்: விபசாரம் செய்தவன், கொலைக்குக் காரணமானவன், இருந்தும் தேவனுக்குப் பிரியமான ராஜா.

இரண்டு உவமைகளும் பாதியில் நின்றுவிடுகின்றன. கோரேஸை யூதர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்கள் சிறைப்பட்டவர்கள், வந்த மன்னனின் தயவை ஏற்றார்கள். வாக்குச்சீட்டைக் கையில் வைத்திருப்பவரின் நிலை அதுவல்ல. அவர் ஆட்சியாளரை உண்டாக்குகிறார், ஆகவே பொறுப்பில் பங்காளி. தாவீதின் கதையோ இன்னும் கண்டிப்பானது. பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவைத்த ராஜாவின் முன்னால் நாத்தான் தீர்க்கதரிசி வந்து நிற்கிறார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வந்தனின் கதையைச் சொல்லி, அந்த மனிதன் நீதான் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். தாவீது சிங்காசனத்தை இழக்கவில்லை. நாத்தான் அவன் ஆட்சியைக் கவிழ்க்கவும் இல்லை. ஆனால் பாவத்துக்கு வேறு பெயர் சூட்டவில்லை. தாவீதை மேற்கோள் காட்டிய போதகர்களில் எத்தனை பேர் நாத்தானின் வேலையை ஏற்றார்கள் என்பதே இங்கே கேட்க வேண்டியது.

மெய்யியலாளர்கள் இந்த இடத்தில் நெடுங்காலம் நின்றிருக்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் மறைந்திருந்த பிரிசில்லியன் என்னும் முரண்போதனைப் பிரிவினரைக் கண்டுபிடிக்க, அவர்களைப் போலவே நடித்துப் பொய் சொல்லலாமா என்று அகஸ்டினைக் கேட்டார்கள். கூடாது என்றார். உண்மையைக் காக்கப் பொய்யைக் கருவியாக்கினால், காக்கப்படுவதாகச் சொல்லும் உண்மையை யார் நம்புவார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். தமிழ் வாசகருக்கு இந்த இழுபறி புதிதல்ல. வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கிறார். வினைத்தூய்மையில், பெற்ற தாய் பசித்திருக்கக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறார். அங்கே தாயின் பசியை அவர் சிறிதாக்கவில்லை. முதலாவதில் 'குற்றமற்ற' என்ற நிபந்தனையும் லேசானதல்ல.

1919இல் மியூனிக் மாணவர்களிடம் பேசிய மாக்ஸ் வெபர், கொள்கைப் பற்றையும் விளைவுக்கான பொறுப்பையும் பிரித்துக் காட்டினார். 1973இல் மைக்கேல் வால்சர் அதையே கூர்மையாக்கினார். சில வேளைகளில் ஆட்சியாளன் தவறு என்று தெரிந்தே ஒன்றைச் செய்ய நேரலாம். அப்போது அவன் நல்லவனா என்பதை அறிய ஒரே வழி, தன் கை அழுக்கானதை அவன் அறிந்திருக்கிறானா என்பது. வாக்காளருக்கும் இது பொருந்தும். வேறு வழியின்றித் தீமை குறைந்ததைத் தேர்ந்தேன் என்பவர், அது தீமை என்று சொல்வதை நிறுத்தாதவரை அவர் வாதம் நிற்கும். நிறுத்திய மறுகணம், அவர் பேசுவது நிர்ப்பந்தம் பற்றி அல்ல. அளவுகோலையே விற்றுவிட்டார். 30இலிருந்து 72க்கு ஏறிய எண் காட்டுவது இந்த விற்பனையைத்தான், வாக்கை அல்ல.

ரஸ்ஸல் மோர் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர். சதர்ன் பாப்டிஸ்ட்களின் ஒழுக்கநெறி, மதச் சுதந்திர ஆணையத்தின் தலைவர்; நேஷனல் ரிவ்யூவின் அந்தத் தனி இதழிலும் எழுதியிருந்தார். டிரம்ப் அவரை ட்விட்டரில் பெயர் சொல்லித் திட்டினார். தேர்தலுக்குப் பிறகு மோர், மனம் கனத்து, எடைபோட்டு டிரம்புக்கு வாக்களித்தவர்களைத் தாம் குறைசொல்லவில்லை, ஒழுக்கக்கேட்டுக்கு உற்சாகமாகச் சாக்குச் சொன்னவர்களையே சொன்னதாக எழுதி, மனம் புண்பட்டவர்களிடம் வருத்தமும் தெரிவித்தார். போதவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட சபைகள் காணிக்கையை நிறுத்துவதாகப் பேசின. டெக்சஸின் பெரிய சபையொன்று பத்து லட்சம் டாலரை நிறுத்திவைத்தது. 2021இல் அவர் பதவியையும் அந்தச் சபைக் கூட்டமைப்பையும் விட்டு வெளியேறினார். லூயிவில் இறையியல் கல்லூரியின் தலைவர் ஆல்பர்ட் மோலர் வேறு பாதையில் போனார். டிரம்பை ஆதரித்தால் பில் கிளின்டனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும் என்று 2016இல் அவர் சொன்னார். மிக நேர்மையான வாக்கியம் அது. 2020 ஏப்ரலில், கட்சியின் கொள்கைகளைக் காரணம் காட்டி டிரம்புக்கு வாக்களிக்கப்போவதாக அறிவித்தார்.

குரூஸும் கிளீவ்லாந்து மேடையிலேயே நிற்கவில்லை. மறுநாள் காலை, தன் மனைவியையும் தந்தையையும் தாக்கியவரை ஆதரிக்கும் வழக்கம் தனக்கில்லை என்று டெக்சஸ் பிரதிநிதிகளிடம் சொன்னவர், செப்டம்பர் 23 அன்று ஆதரவு தெரிவித்தார். மனச்சாட்சி ஒரே இரவின் வீரத்தில் தீர்ந்துபோகிற விஷயமல்ல. மறுநாளும் அதற்கு மறுநாளும் அதன் செலவைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவை முழுதாகக் கொடுத்தவர் ராம்னி. 2020 பிப்ரவரி 5 அன்று, டிரம்ப் மீதான செனட்டின் பதவிநீக்க விசாரணையில், தேவன் சாட்சியாக எடுத்த உறுதிமொழியைச் சொல்லி, குரல் தடுமாற, டிரம்பைக் குற்றவாளி என்று வாக்களித்தார். தன் கட்சி அதிபருக்கு எதிராக அப்படி வாக்களித்த முதல் செனட்டர் அவர். மற்றபடி அதிபரின் பெரும்பாலான கொள்கைகளுக்கு அவர் வாக்களித்துக்கொண்டுதான் இருந்தார். கொள்கைக்கு ஆம், குற்றத்துக்கு இல்லை என்று ஒரே வாயால் சொல்ல முடியும் என்பதற்கு அவரே சாட்சி. பிரதிநிதிகள் சபை உறுப்பினர் லிஸ் செனியும் அதையே செய்தார். 2022 ஆகஸ்டில் வயோமிங் உட்கட்சித் தேர்தலில் 29 சதவீதத்தோடு தோற்றார்.

பேரத்தின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. டிரம்ப் உச்ச நீதிமன்றத்துக்கு மூன்று நீதிபதிகளை நியமித்தார். 2022 ஜூன் 24 அன்று ரோ தீர்ப்பு வீழ்ந்தது. அரை நூற்றாண்டாக அதற்காக ஜெபித்தவர்களுக்குக் கேட்டது கிடைத்தது, இது உண்மை. ஆனால் அடுத்து நடந்ததும் உண்மை. கருவில் இருக்கும் உயிருக்கு நாடு முழுக்கச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று 1980களிலிருந்து தேர்தல் அறிக்கையில் எழுதிவந்த கட்சி, 2024 ஜூலையில் அதை விட்டுவிட்டது; மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. டிரம்ப் ஏப்ரலிலேயே அப்படிச் சொல்லியிருந்தார். முன்னாள் துணை அதிபரும் தீவிர எவாஞ்சலிக்கலுமான மைக் பென்ஸ் அந்த மாற்றம் ஆழ்ந்த ஏமாற்றம் என்றார். 2016இல் டிரம்பின் பக்கத்தில் நின்று எவாஞ்சலிக்கல்களுக்கு நம்பிக்கை கொடுத்த முகம் அவருடையது. 2024 மார்ச்சில் அவரே டிரம்பை ஆதரிக்க மறுத்திருந்தார். தேர்தல் அறிக்கை மாறியதற்காக எவாஞ்சலிக்கல் வாக்கு குறையவில்லை. நவம்பர் கணிப்புகளில் ஐந்தில் நான்கு பேர் மீண்டும் டிரம்புக்கே வாக்களித்திருந்தார்கள். எந்த ஒன்றுக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார்களோ, அது அறிக்கையிலிருந்து நீங்கியபோது அவர்களிடம் அதை எதிர்த்துப் பேரம் பேச எதுவும் மிச்சமிருக்கவில்லை.